ஏழாம் நம்பர் தலை

இன்று காலை பத்தே முக்கால் மணிக்கு உன் மூளை மறுபடியும் என் திரையில் வந்து நின்றது. புது மென்பொருள் போட்டிருக்கிறார்கள். புதிதாக எதைப் போட்டாலும் முதலில் ஏழாம் நம்பர் தலையை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது நம் ஆபீஸ் வழக்கம் அல்லவா? நேற்று சாயங்காலம் கிளம்பும்போது ஓட விட்டுப் போனேன். காலையில் வந்து, குடையை மூலையில் விரித்து வைத்துவிட்டு, சாரலில் நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே திறந்து பார்த்தால் எல்லாம் சுத்தமாக முடிந்திருக்கிறது. ஒரு கிழிசல் இல்லை, ஒரு பிசிறு இல்லை. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் தலையில் இன்னும் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

நியாயப்படி எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது. செத்தவள் மேல் பொறாமைப்படுகிற ஜென்மம் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

முதலில் இருந்து எழுதுகிறேன். உனக்குத் தெரியாத விஷயம் இல்லை, ஆனால் அப்படி எழுதினால்தான் எனக்குக் கோவையாக வரும். தென்காசி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில், ஆறு பேர், ஆறு கம்ப்யூட்டர். எந்தெந்த ஊரிலோ எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன்கள் பெயரும் முகமும் நீக்கப்பட்டு வெறும் நம்பராக நமக்கு வரும். மென்பொருள் ஒவ்வொரு தலையிலும் மண்டையோட்டை உரித்துவிட்டு, மூளைக்கு இரண்டு தோல் வரையும். உள்ளே வெள்ளைப் பகுதி முடிகிற இடத்தில் ஒன்று, வெளியே சாம்பல் பகுதி முடிகிற இடத்தில் ஒன்று. அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள கனத்தை வைத்துத்தான் எந்த நோய் மூளையை எங்கே தேய்க்கிறது என்று டாக்டர்கள் கண்டுபிடிக்கிறார்கள். நல்ல தலை என்றால் தானே வரைந்துவிடும். பக்கவாதம் வந்த தலை, வயதில் சுருங்கிய தலை, வலிப்புக்காக அறுவைசிகிச்சை செய்த தலை என்றால் தடுமாறிவிடும். பள்ளத்தின் மேல் பாலம் போடும். மூளையை மூடியிருக்கிற உறையையும் மூளை என்று சேர்த்துக்கொள்ளும். அப்போது நாம் உட்கார்ந்து படம் படமாகப் பார்த்து, அழிக்க வேண்டியதை அழித்து, 'இது வெள்ளைதான்' என்று புள்ளி வைத்துக் காட்டி, மறுபடி ஓட விட வேண்டும். முடிய அரை நாள் ஆகும். முடிந்து பார்த்தால் வேறு இடத்தில் பிய்ந்திருக்கும். அதுதான் நம் பிழைப்பு.

இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்தோம். மூன்றாம் மாதமே எனக்கு உன்னைப் பிடிக்காமல் போக ஆரம்பித்தது. பிடிக்காமல் என்றால், நீ இல்லாமல் நான் டீ குடிக்கப் போனதில்லை, உன் சாப்பாட்டு டப்பாவில் பாதி என் வயிற்றுக்குத்தான் போனது. ஆனாலும் பிடிக்கவில்லை. ஒரு பெரியவரின் தலையோடு நான் இரண்டு நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், நினைவிருக்கிறதா? பின்பக்கத்தில் மென்பொருள் வரைந்த தோல் உள்ளே அமுங்கி அமுங்கிப் போனது. நான் அங்கே புள்ளி வைத்துக்கொண்டே இருந்தேன். நீ ஒரு மங்குஸ்தான் பழத்தைப் பிதுக்கிக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாய்.

"எத்தன புள்ளிட்டி வச்சிருக்க?"

"எண்ணல. எரநூறு இருக்கும்."

"ஏட்டி கோட்டி, நிறுத்து. தப்பு தெரியுத எடத்துல தப்பு இருக்காது. மொதப் படியிலேருந்து பாரு."

என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, தோல் வரைந்த படியை விட்டு, அதற்கு முந்தின படி, அதற்கும் முந்தின படி என்று பின்னாலேயே போனாய். மண்டையோட்டை உரித்த இடத்தில், கண்ணுக்குப் பின்னால், உரிபடாமல் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அது பளிச்சென்று இருந்ததால் மொத்தத் தலையின் வெளிச்சக் கணக்கும் கெட்டு, வெள்ளையை எல்லாம் சாம்பல் என்று மென்பொருள் நினைத்திருக்கிறது. மங்குஸ்தானில் ஒட்டிக்கொண்டு வருகிற தோலைக் கிள்ளுவது போல அதைக் கிள்ளி எறிந்தாய். என் இருநூறு புள்ளிகளையும் அழித்தாய். மறுநாள் காலையில் பெரியவர் தலை ஜம்மென்று வந்துவிட்டது. ஆபீஸே உன்னைக் கொண்டாடியது. நானும் சிரித்துக்கொண்டே கை தட்டினேன். தட்டிவிட்டு, நீ எனக்கென்று எடுத்து வைத்திருந்த மங்குஸ்தானைத் தொடாமல் வீட்டுக்குப் போனேன்.

அப்புறம் அந்தத் திருநெல்வேலிப் பயணம். சென்னையில் இருந்து நம் வேலையை மேற்பார்வை பார்க்கிற டாக்டரம்மா, ஒத்திகைக்கு இரண்டு நல்ல தலை வேண்டும், யாராவது ஸ்கேன் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். நீ கையைத் தூக்கினாய். நீ தூக்கினால் நான் சும்மா இருப்பேனா? காலை பஸ்ஸைப் பிடித்துப் போனோம். சங்கிலி, வளையல், கொலுசு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி ஒரு பையில் போட்டுவிட்டு முதலில் நீ உள்ளே போனாய். அந்த டமடம சத்தத்தில் எப்படி இருந்தது என்று கேட்டால், "நல்லா தூங்கிட்டேன்ட்டி" என்றாய். எனக்குப் படுத்த இரண்டாம் நிமிஷமே மூக்கு அரித்தது. அசையக் கூடாது, அசையக் கூடாது என்று நினைத்து நினைத்தே அசைந்தேன்.

நீ ஏழாம் நம்பர், நான் எட்டாம் நம்பர். உன் தலை ஒரு திருத்தமும் இல்லாமல் முதல் ஓட்டத்திலேயே முடிந்தது. என் தலையில் படம் அலை அலையாக ஆடிப்போய், நெற்றிப் பக்கம் மூளையுறை மூளையோடு ஒட்டி, திரையில் எனக்கு ஒரு கொம்பு முளைத்திருந்தது. "நல்ல தலைதான் கேட்டாங்க, நீ மாட்டுத் தலையக் கொண்டாந்திருக்க" என்று நீதான் முதலில் சிரித்தாய். எல்லோரும் சிரித்தார்கள். அன்று முதல் உன் தலை ஒத்திகைத் தலை ஆனது. என் தலையை யாரும் திறப்பதில்லை.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லட்டுமா? நீ லீவு போட்ட ஒரு நாளில் உன் தலையைத் திறந்து, முன்னிலிருந்து பின் வரை, ஒரு படம் விடாமல் குறை தேடினேன். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. வேறொருத்தியின் புடவையைப் பார்த்துப் பொறாமைப்படலாம், வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படலாம். மூளையின் மடிப்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் நான். ஒன்றும் கிடைக்காமல் மூடி வைத்தேன்.

பிறகுதான் செக்கர் வேலை வந்தது. எல்லோர் திருத்தத்தையும் கடைசியாகப் பார்த்துச் சரி சொல்கிற நாற்காலி. உனக்கா எனக்கா என்று டாக்டரம்மா முடிவு செய்ய, இரண்டு பேருக்கும் ஒரே ஃபைலைக் கொடுத்தார். ஒருவர் செய்வதை மற்றவர் பார்க்கக் கூடாது, வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டும். நாற்பத்தோராம் நம்பர். வலிப்புக்காக இடது பக்கத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்த தலை. எடுத்த இடம் குழியாக, நீர் நிரம்பிக் கிடந்தது. மென்பொருள் அந்தக் குழியின் குறுக்கே ஒட்டடை மாதிரி இழை இழையாகப் பாலம் கட்டிவிட்டு, அதைப் பிரிக்கத் தெரியாமல் பாதியிலேயே நின்றுபோனது. நான் என்ன செய்தேன் தெரியுமா? குழியை மூடப் பார்த்தேன். பார்க்க அழகாக, முழுசாக இருக்கட்டும் என்று. மூன்று நாள் மூடினேன். மூன்று நாளும் பிய்த்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நீ சாப்பிடப் போனதும் உன் ஃபோல்டரைத் திறந்தேன். பன்னிரண்டே புள்ளி. குழியை நீ மூடவே இல்லை. இழைகளை மட்டும் துடைத்துவிட்டு, தோல் குழிக்குள் இறங்கி ஏறட்டும் என்று விட்டிருந்தாய். பக்கத்தில் ஒரு குறிப்பு: 'இந்த இடத்தில் மூளை இல்லை. இதை அளவில் சேர்க்க வேண்டாம்.' அதைப் படித்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றுதான் இருந்தேன். பிறகு, ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்து நானே செய்வோம் என்று நினைத்தேன். மணி நாலு ஆயிற்று. உன் குறிப்பை மட்டும் நீக்கிவிட்டு அப்படியே என் பெயரில் அனுப்பிவிட்டேன்.

எவ்வளவு பெரிய கெட்டிக்காரிகள் ஆனாலும் இரண்டு பேர் ஒரே தலையைத் திருத்தினால் எங்காவது நாலு புள்ளி தள்ளித்தான் விழும். இத்தனை நாள் இந்த வேலையில் இருந்தவளுக்கு அதுகூடவா தெரியாது? அன்றைக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை டாக்டரம்மா திரையில் வந்தார். நானும் நீயும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

"ரெண்டு பேர் அனுப்பினதும் ஒரே ஃபைல். ஒரு புள்ளிகூட மாறல. என்ன நடந்தது?"

என் முகத்தில் ஈயாடவில்லை. நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான்தான் மேடம். பிரதி எடுத்து வைக்கும்போது தப்பா அவ ஃபோல்டர்ல போட்டுட்டேன். அவ பண்ணுன வேலையெல்லாம் அழிஞ்சிட்டு."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நோயாளியோட ஃபைல்ல இவ்வளவு கவனக்குறைவு இருந்தா உங்கள எப்படிம்மா செக்கரா போடுறது?" என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டு, "சாரி மேடம்" என்றாய். என்னை மறுபடி செய்து அனுப்பச் சொன்னார். உன்னுடையதைப் பார்த்துவிட்டேனே, இனி என்ன கஷ்டம்? இரண்டே நாளில் செய்தேன். அடுத்த மாதம் அந்த நாற்காலி எனக்கு வந்தது.

அதற்குப் பிறகு உன் ஃபைல் எல்லாம் என்னிடம்தான் சரி பார்க்க வந்தது. ஒவ்வொன்றையும் சல்லடை போட்டுச் சலித்தேன். ஒரு தடவை, ஒரு குறையும் இல்லாத ஃபைலை, 'மீண்டும் பார்க்கவும்' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். நீ தொடாமல் அப்படியே திருப்பி அனுப்பி, 'பாத்துட்டேன் மேடம், அப்பவும் நல்லாத்தான் இருக்கு' என்று எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, உன்னை அறையலாம் போலவும் இருந்தது.

போன சாரல் சீசனில் ஆபீஸே சேர்ந்து ஐந்தருவிக்குப் போனோம். குளித்துவிட்டு, ஈரத் தலையோடு மிளகாய் பஜ்ஜிக் கடை முன்னால் நின்றபோதுதான் எனக்குக் கேட்க வாய் வந்தது.

"ஏன்ட்டி அன்னைக்கு அப்படிச் சொன்ன?"

"என்னைக்கு?"

"நடிக்காத. அந்த நாப்பத்தொண்ணு."

தலைமுடியை முன்னால் போட்டுப் பிழிந்துகொண்டே சிரித்தாய். "ஆபீஸ்ல ஆறு பேரு இருக்கோம். களவாங்கணும்னு தோணுனப்ப நீ எம் ஃபைலத்தான எடுத்த? எனக்கு அது போதும்ட்டி."

"வெளையாடாத. ஒனக்கு அந்த சீட்டு வேண்டாமா?"

"அங்கன உக்காந்தா ஒரு தலையயும் நாம தொட முடியாது. அடுத்தவ திருத்துனதயே பாத்துக்கிட்டுக் கெடக்கணும். எனக்கு எதுக்கு அது? சவத்தத் தள்ளு, பஜ்ஜி ஆறுது பாரு."

நான் திருடி வாங்கிய நாற்காலி உனக்கு வேண்டவே வேண்டாம் என்று அப்போதுதான் தெரிந்தது. நீ என்னைக் கேவலமாகத் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது. நல்லவளாக இருப்பதிலும் என்னை முந்த வேண்டுமா உனக்கு? டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை வாய் வரைக்கும்கூட வரவில்லை. இன்னொரு தட்டு பஜ்ஜி வாங்கினேன்.

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் லீவு சொன்னாய். ஒன்பதாம் நாள் நீ இல்லை. இலத்தூரில் உன் வீட்டுத் தெருவில் நிற்க இடமில்லாத கூட்டம். அழுதுகொண்டே நின்றேன், பொய்யான அழுகை இல்லை. அழுகைக்கு நடுவே ஒரு கணம், எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று தோன்றியது. அந்த இடத்தில் நின்று அதை நினைத்தேன், கேட்டுக்கொள். பதினாறாம் நாள் உன் அம்மா எனக்குக் காப்பி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீதானம்மா அந்தப் பெரிய சீட்டுல இருக்கவ? எம் மவ சொல்லிக்கிட்டே இருப்பா, என்னைய விட அவ கெட்டிக்காரின்னு" என்றார். வீட்டிலும் அந்தப் பொய்யைத்தான் சொல்லி வைத்திருந்தாயா? அந்தக் காப்பியை என்னால் குடிக்க முடியவில்லை.

இப்போது வேறு ஊரில் புது ஆபீஸ் திறக்கிறார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு கையேடு எழுதிக் கொடுங்கள் என்று டாக்டரம்மா போன மாதம் என்னிடம் சொன்னார். நோய் வந்த தலைகளில் என்னென்ன தவறு வரும், எதனால் வரும், எப்படிச் சரி செய்வது. எழுத உட்கார்ந்தால் எல்லாம் நீ சொன்னதுதான். முதல் பக்கத்திலேயே, 'தவறு தெரிகிற இடத்தில் திருத்த ஆரம்பிக்காதீர்கள், முதல் படிக்குப் போங்கள்' என்று எழுதினேன். முப்பது பக்கம் தாண்டிவிட்டது. கடைசியாக ஒரு பகுதிதான் பாக்கி.

"அந்த ஃபைல் மாத்திப் போட்ட விஷயத்தையும் சேர்த்துடுங்க," என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். "பேர் வேண்டாம். அவ்வளவு நல்லா வேலை செஞ்ச பொண்ணே ஒரு தடவை இப்படிப் பண்ணியிருக்கான்னு தெரிஞ்சா எல்லாரும் கவனமா இருப்பாங்க."

அதைத்தான் ஒரு மாதமாக எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். பயம் ஒரு காரணம். இந்த நாற்காலி போய்விடும். ஆனால் அது மட்டும் இல்லை. உன் பெயரில் ஒரே ஒரு கறை இருந்தது. அது நான் வைத்த கறை. ஆபீஸில் யாராவது, "பாவம், அவளே ஒரு தடவ ஃபைல மாத்திப் போட்டால்லா" என்று சொல்லும்போதெல்லாம், 'ஐயோ, அது அவள் இல்லை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாய் வராதது மட்டும் இல்லை, உள்ளே எங்கேயோ குளுகுளு என்று இருந்தது. உன்னிடம் ஒரு குறை இருக்கிறதே என்ற நிம்மதியில் எட்டு மாதம் உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை உன் தலை வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் இருந்துவிட்டு, எதற்கோ எட்டாம் நம்பரையும் ஓட விட்டேன். மாலையில் முடிந்தது. புது மென்பொருளிலும் எனக்குக் கொம்பு இருக்கிறது. அதைப் படம் எடுத்துக் கையேட்டின் முதல் உதாரணமாகப் போட்டேன். பிறகு கடைசிப் பகுதிக்கு வந்து இப்படி எழுதினேன்: 'ஒரே தலையை இருவர் திருத்தி ஒரு புள்ளிகூட மாறவில்லை என்றால், ஒருவர் மற்றவருடையதை எடுத்துத் தன் பெயரில் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். நாற்பத்தோராம் நம்பரில் அப்படிச் செய்தது நான். அவள் எந்த ஃபைலையும் மாற்றிப் போடவில்லை.' கீழே என் பெயரை எழுதி அனுப்பிவிட்டேன்.

பத்து நிமிஷத்தில் டாக்டரம்மா போன் செய்தார்.

"இதை இப்ப ஏன் சொல்றீங்க?"

"கையேட்டுல தப்பு இருக்கக் கூடாதுல்லா மேடம்."

"நீங்க அந்த வேலையில தொடர்றதப் பத்தி நான் யோசிக்கணும்."

"யோசிங்க மேடம்."

நாற்காலி போனால் போகட்டும், மறுபடி என் பழைய மூலையில் உட்கார்ந்து தலைகளைத் திருத்துவேன். முதல் படியிலிருந்துதான் பார்ப்பேன், குழியைக் குழியாகத்தான் விடுவேன். அவ்வளவுக்கு உன்னிடம் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இலத்தூர் போய் உன் அம்மாவிடமும் சொல்ல வேண்டும்.

ஆக, உன் பெயரில் இருந்த அந்த ஒரு குறையும் இன்றோடு போயிற்று. ஏழாம் நம்பர் தலை மாதிரியே சுத்தமாக இருக்கிறாய். சந்தோஷம்தானே? எனக்கு எரிகிறதுட்டி.